அறுவடை விழாவில் எந்தப் பாட்டு?



பெரும்போக வெட்டு முடிகிற காலம் வந்தால் அறுவடை விழாப் பேச்சும் வந்துவிடும். "நாட்டார் பாட்டு நாலஞ்சு போடுவம்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் கைபேசியில் 'கிராமியப் பாடல்' என்று தேடினால் முன்னுக்கு வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. அதை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, "இதுதான் நம்முடைய பாரம்பரியம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா? சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, இறக்காமம் வட்டைகளில் நம் மூத்தவர்கள் பாடியது வேறு.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். நமது வயற்பாட்டுகள் மேடைக்காகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலைதான் அதன் மெட்டைத் தீர்மானித்தது.

பொலிப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாக்கத்தியால் வெட்டிய கதிரை உப்பட்டியாகப் போட்டு, பிறகு சேர்த்துக் கட்டிச் சூடு வைப்பார்கள். களவெட்டியில் அதைப் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவார்கள். வெயிலுக்குப் பயந்து இந்த வேலை பெரும்பாலும் இரவில்தான். மாடும் தூங்கக் கூடாது, ஆளும் தூங்கக் கூடாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். மாட்டின் நடைதான் தாளம். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்றே சொல்வார்கள். பொலி பெருக வேண்டும் என்ற ஆசைதான் அந்தப் பாட்டின் உயிர்.

கவி வேறு வகை. பன்றியும் யானையும் வராமல் பரணில் காவல் இருந்தவர் தனிமையில் பாடியது அது. வீட்டில் இருந்த பெண் பதிலுக்குக் கட்டியதும் உண்டு. தாளக் கட்டுப்பாடு இல்லாமல் குரலை நீட்டி இழுத்துப் படிப்பார்கள். அடுத்த வாடிக்குக் கேட்க வேண்டும் அல்லவா? மச்சான், மச்சி என்று விளித்துப் பாடிய அந்தக் கவிகளில் பலவற்றைக் கட்டியவர்கள், எழுதப் படிக்கத் தெரியாத நம் உம்மம்மாமார். அவர்கள் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

பொல்லடி, அதாவது களிகம்பு, மூன்றாவது வகை. கல்யாண வீடு, சுன்னத்து வீடு, விருந்தினர் வரவேற்பு என்று கூட்டம் கூடும் இடத்துக்கு உரியது. அண்ணாவியார் பாட, வட்டமாக நின்று பொல்லை அடித்து ஆடுவார்கள்.

இவை ஏன் மறைந்தன? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீரைத் தந்தது. வயல் பெருகியது. கூடவே உழவு இயந்திரமும் வந்தது. மாட்டின் இடத்தில் டிரக்டர் சூடு மிதித்தது. பிறகு வெட்டு மெசின் வந்து, வெட்டையும் சூட்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்தது. களவெட்டி இல்லாத இடத்தில் பொலிப் பாட்டு எங்கே நிற்கும்? யுத்த காலத்தில் இரவில் வயலில் தங்கவே முடியவில்லை. பரணோடு கவியும் போயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வட்டையில் வேலை செய்த பழக்கத்திலும் அந்தக் காலம் பெரிய காயத்தை உண்டாக்கியது.

நல்லவேளை, சிலர் எழுதி வைத்தார்கள். தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவிகளைத் தொகுத்தார். வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வந்தது. நமது கவிகளைத் தேடித் தொகுத்தவர்களில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் முக்கியமானவர். ஆனால் புத்தகத்தில் சொல் இருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு இன்னும் சில முதியவர்களின் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவே எனது ஆலோசனை இது. விழாவைப் பொலிப் பாட்டோடு தொடங்குங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் சேர்ந்து பாடட்டும். அடுத்து ஒரு மூத்தவர் கவி படிக்கட்டும். அதற்குப் பின்னால் கீபோர்ட் வாசிக்க வேண்டாம், அது இழுவையைக் கொன்றுவிடும். இசைக்கருவி கூடாது என்ற கருத்துடையோரும் நம்மில் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் கருவியே தேவையில்லை. முடிவில் பாடசாலைப் பிள்ளைகளின் பொல்லடி இருக்கட்டும்.

அயல் கிராமத்துத் தமிழ் உறவுகளை வசந்தன் ஆட அழையுங்கள். சிங்கள விவசாயிகளிடமும் களத்துப் பாட்டு உண்டு, களத்துக்கென்றே தனிப் பேச்சு வழக்கும் உண்டு. மொழி வேறானாலும் களம் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகள் மேடையிலேயே காணட்டும்.

விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் மூத்தவாப்பாவோ உம்மம்மாவோ இருந்தால், அருகில் உட்கார்ந்து ஒரு கவி கேளுங்கள். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதியுங்கள். யார் பாடினார், எந்த ஊர், எந்த வேலைக்குப் பாடியது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பதியுங்கள். விழாவுக்குப் பாட்டுத் தெரிவு செய்வதை அந்தப் பதிவுகளிலிருந்து தொடங்குவோம். அடுத்த பெரும்போகத்துக்கு அவர்கள் இருப்பார்களா என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே தெரியும்.