வொஷிங்டனின் பூட்டன் எந்த ஊர் ஆள்?

1791இல் இலண்டனிலிருந்து ஜோர்ஜ் வொஷிங்டனுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் ஐசாக் ஹேர்ட். பிரபுக் குடும்பங்களின் வம்சாவளிகளைப் பதிகிற அரச அலுவலகத்தின் தலைவர். உங்கட முன்னோர் யார் என்று விசாரித்திருந்தார். அடுத்த வருசம் போன பதில் நேர்மையானது: இந்த விசயத்தில் நான் பெரிதாகக் கவனம் செலுத்தியதில்லை, இங்கிலாந்தின் வடக்கு மாவட்டம் ஒன்றிலிருந்து வந்ததாகக் கேள்வி.

ஒரு நாட்டின் முதல் ஜனாதிபதிக்கே தன்ர பூட்டன் புறப்பட்ட ஊர் தெரியாது. சிரிக்காதேங்கோ, எங்களில கனபேருக்குப் பூட்டன்ர பேரே தெரியாது.

பூட்டனின் பெயர் ஜோன் வொஷிங்டன். 1650களில் கப்பல் ஊழியராக வேர்ஜீனியாவுக்குப் போனவர். கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரைதட்டியது, ஆள் அங்கேயே தங்கிக் கலியாணமும் கட்டிவிட்டார். தம்பி லோரன்ஸும் பிறகு வந்து சேர்ந்தார்.

இங்கிலாந்தில் இப்படி ஓர் ஆளைத் தேடுவதற்கு முதல் இடம் தேவாலயப் பதிவேடுதான். 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். நல்ல ஏற்பாடு, ஆனால் வாசிக்கப் போனால் தலை சுத்தும். குருவானவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். 1752 வரைக்கும் அங்கே வருசம் பிறந்தது மார்ச் 25இல், அதனால் ஏட்டில் 1654 ஜனவரி என்று இருப்பது எங்கட கணக்கில் 1655. 1640களின் உள்நாட்டுப் போரில் கன பங்குகளில் ஒழுங்காக எழுதவேயில்லை.

ஹேர்ட் இவ்வளவு தூரம் போகவில்லை. சல்கிரேவ் என்ற ஊரின் வொஷிங்டன் குடும்ப வம்சாவளியில் ஜோன், லோரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். வேர்ஜீனியாவுக்குப் போனதும் ஒரு ஜோன், ஒரு லோரன்ஸ். பிறகென்ன, ஒட்டிவிட்டார். எழுபது வருசத்துக்கு மேல் அதுவே உண்மையாக நின்றது. ஒரே ஒழுங்கையில நாலு கந்தையா இருந்த ஊர்க்காரருக்கு இந்த ஆபத்து விளங்கும்.

1866இல் ஜோசப் செஸ்டர் என்ற அமெரிக்கர் கேட்ட கேள்வி சின்னது: சல்கிரேவ் சகோதரர்கள் பிறகு என்ன ஆனார்கள்? தேடினால், ஜோன் 'சேர்' பட்டம் பெற்றவர், லோரன்ஸ் குருவானவர். வேர்ஜீனியாப் பத்திரங்களில் பட்டமும் இல்லை, குருத்துவமும் இல்லை. ஆக அவர்கள் வேறு ஆக்கள். உண்மையான ஊரை அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் பிழையான ஊரை அழித்ததே பெரிய வேலை என்பேன்.

அடுத்து வந்தவர் ஹென்றி வோட்டேர்ஸ். இலண்டனில் இருந்து பழைய மரணசாசனங்களை வருசக்கணக்காக வாசித்தவர். அவை அவரை இலண்டனுக்குக் கிட்டவுள்ள ட்ரிங் என்ற ஊருக்குக் கொண்டுபோயின. வடக்குமில்லை, ஒன்றுமில்லை! ட்ரிங் பதிவேட்டில் 1635இல் லோரன்ஸின் மகன் லோரன்ஸுக்கு ஞானஸ்நானம். பிறகு எலிசபெத், வில்லியம். 1655இல் தாய் அம்ஃபிலிஸின் அடக்கம். மறுவருசம் தாயின் சொத்தை நிர்வகிக்கும் பத்திரம் மகன் ஜோனின் பெயரில். 1677இல் இன்னொரு பத்திரம், லூட்டனில் இருந்து போய் வேர்ஜீனியாவில் இறந்த லோரன்ஸ் வொஷிங்டனின் சொத்துக்கு. 1889இல் வோட்டேர்ஸ் இதை வெளியிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. பிள்ளைகளின் தகப்பன் லோரன்ஸ், செஸ்டர் தள்ளிவைத்த அதே குருவானவர்தான். ஹேர்ட் ஒரு தலைமுறை பிசகி, தகப்பனையே கப்பலில் ஏற்றிவிட்டிருந்தார். பாவம், அந்த மனிசன் எங்கேயும் போகவில்லை. அரசரின் பக்கம் நின்றவர், தவறணையே கதியென்று கிடக்கிறார் என்ற குற்றச்சாட்டில் 1643இல் பேர்லி பங்கிலிருந்து விலக்கப்பட்டவர்.

ஜோனுடைய ஞானஸ்நானப் பதிவு ட்ரிங் ஏட்டில் இல்லை. அவரை மட்டும் தேடிப் போயிருந்தால் ஒன்றும் கிடைத்திராது. காட்டிக்கொடுத்தது கூடப்பிறந்ததுகள். 1675இல் வேர்ஜீனியாவில் ஜோன் எழுதின மரணசாசனத்தில், தங்கச்சி மார்த்தாவுக்கு இங்கிலாந்தில் உள்ள பணத்திலிருந்து பத்துப் பவுண் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், கடல் கடந்து வந்த செலவில் அவள் தனக்குத் தரவேண்டிய கடனையும் விட்டுவிடுகிறார். அதற்கு இருபத்தைந்து வருசத்துக்கு முதல் ட்ரிங்கில் அம்ஃபிலிஸின் சிறிய தகப்பன் அன்ட்ரூ நோலிங் எழுதின மரணசாசனத்திலும் பேரப்பிள்ளைகளின் வரிசையில் ஒரு மார்த்தா இருக்கிறாள்.