கொலோன் பேராலயத்தின் பாரந்தூக்கி

ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரத்தில் ரயிலை விட்டு இறங்கி, நிலையத்தின் வாசலைத் தாண்டியதுமே தலைக்கு மேல் ஓங்கி எழும்பி நிற்கும் பேராலயத்தைக் கண்டு பிரமித்து, அதன் மேற்கு முகப்புக்கு விரைந்து சென்று, இரட்டைக் கோபுரங்களைப் புகைப்படம் பிடித்துக்கொண்டு, அந்தத் திருப்தியுடனேயே அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடும் பிரயாணிகள் அநேகர். அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் யோசனை, முகப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். இந்த ஆலயம் கிழக்கே ஆரம்பித்து மேற்கே பூர்த்தியானது. ஆகையால் அதன் கிழக்குப் பகுதியிலிருந்து மேற்கு நோக்கி நடப்பவன் அறுநூறு ஆண்டுச் சரித்திரத்தைக் காலக்கிரமம் தவறாமல் நடந்தே அறிந்துகொள்கிறான்.

குழந்தை இயேசுவைத் தரிசிக்கக் கீழ்த்திசையிலிருந்து வந்த மூன்று ஞானியருடையவை என்று பக்தர்கள் போற்றும் எலும்புகளை, ரைனால்ட் வான் டாஸல் என்ற பேராயர் 1164-ல் மிலான் நகரத்திலிருந்து இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றைத் தரிசிக்க யாத்திரிகர் திரள் திரளாக வந்தனர். வெர்டன் நகரத்து நிக்கோலஸ் என்ற பொற்கொல்லரின் கைத்திறன் விளங்கும் பொற்பேழை ஒன்று அவற்றுக்காக உருவாயிற்று. அந்தப் பேழைக்குத் தகுந்ததொரு ஆலயம் வேண்டுமென்ற சங்கற்பத்துடன், 1248-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி பேராயர் கொன்ராட் வான் ஹோக்ஸ்டாடன் அஸ்திவாரக் கல்லை நாட்டினார். கிழக்குப் பகுதியாகிய கருவறை மண்டபம் 1322-ல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மேற்கே மற்ற வேலை நடந்துகொண்டிருந்தபடியால் மண்டபத்தின் மேற்குப் பக்கத்தைத் தற்காலிகமாக ஒரு சுவர் எழுப்பி அடைத்தார்கள். அந்தத் தற்காலிகச் சுவர் 1863 வரையில் நின்றது!

பிறகு தென்மேற்குக் கோபுரத்தின் வேலை தொடங்கியது. கோபுரம் ஐம்பது மீட்டருக்கு மேல் வளர்ந்ததோடு நின்றுவிட்டது. பணமும் பக்தியும் ஒருங்கே குன்றிப்போய், பதினாறாம் நூற்றாண்டில் சிற்பிகள் ஆலயம் முழுவதிலுமே உளியைக் கீழே வைத்துவிட்டார்கள். கோபுரத்தின் உச்சியில் கற்களைத் தூக்குவதற்காக நிறுவியிருந்த மரப் பாரந்தூக்கி, உள்ளிருந்து ஆட்கள் மிதித்துச் சுழற்றும் பெரிய சக்கரத்தோடு, அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கிழவர்களாகி மாண்டனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவ்விதமே மாண்டனர். அந்த மரக் கை மட்டும் வானத்தை நோக்கி நீண்டபடியே இருந்தது. ஓவியர் ஹான்ஸ் மெம்லிங் 1489-ல் புரூஜ் நகரத்துக்காக வரைந்த புனித உர்சுலா பேழையின் சித்திரங்களிலேயே அது நகரத்தின் அடையாளமாகக் காணப்படுகிறது. பூர்த்தியாகாத காரியத்தைக் கண்டு வெட்கப்படாமல், அதைத் தங்கள் ஊரின் முகமாகவே ஏற்றுக்கொண்ட அந்த மக்களின் பொறுமையை நான் மனப்பூர்வமாகப் போற்றுகிறேன். 1868-ல்தான் அதை இறக்கினார்கள்.

இதற்கிடையில் 1794-ல் பிரெஞ்சுப் படைகள் நகரத்தைப் பிடித்தபோது, ஆலயம் தீவனக் கிடங்காகக்கூட உபயோகப்பட்டது. அதன் அதிர்ஷ்டம் திரும்பியது ஒரு தோலோவியத்தால். முகப்பின் புராதன வரைபடத்தில் ஒரு பாதி 1814-ல் டார்ம்ஸ்டாட் நகரத்து விடுதி ஒன்றின் பரணில் அகப்பட்டது. அதன்மேல் அவரைக்காய்களை உலர்த்தியிருந்தார்கள் என்று சொல்வதுண்டு. மற்றப் பாதியை 1816-ல் சுல்பிஸ் பாய்ஸெரே என்பவர் பாரிஸ் நகரத்தில் கண்டெடுத்தார். இரண்டும் சேர்ந்ததும், பழைய சிற்பியின் மனத்தில் இருந்த கோபுரங்கள் இன்னவையென்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 1842-ல் பிரஷ்யாவின் மன்னர் நான்காம் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம், தாம் பிராட்டஸ்டண்டு சமயத்தவராயிருந்தும், இந்தக் கத்தோலிக்க ஆலயத்தின் திருப்பணிக்கு மறுபடியும் கல் நாட்டினார். பொதுமக்கள் ஒரு சங்கம் நிறுவிப் பணம் திரட்டினார்கள். ட்ஸ்விர்னர் என்ற நிபுணர் வேலையை முன்னின்று நடத்தி, முடிவைக் காணாமலே 1861-ல் காலமானார். 1880 அக்டோபர் 15-ஆம் தேதி பூர்த்தி விழா நடந்தபோது, 157 மீட்டர் உயரமுள்ள இந்தக் கோபுரங்களை மிஞ்சிய கட்டடம் உலகத்தில் இல்லை. அரசாங்கத்துக்கும் திருச்சபைக்கும் அப்போது மூண்டிருந்த பூசலினால், ஆலயத்துக்கு உரிய பேராயர் நாட்டுக்கு வெளியே வசிக்க நேர்ந்ததை நினைக்கும்போது அந்த விழாவின் சந்தோஷம் எனக்குச் சற்றுக் குறைந்தே தோன்றுகிறது.

தென் கோபுரத்தின் 533 படிகளையும் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது; நேரமாக ஆக, குறுகிய சுழற்படியில் ஏறுவோரும் இறங்குவோரும் நெருக்கிக்கொள்வார்கள். நடுவழியில், 1923-ல் வார்க்கப்பட்ட, ஏறக்குறைய 24 டன் எடையுள்ள புனித பேதுருவின் மணி தொங்குகிறது, அங்கே இளைப்பாறலாம். மாலையில் ஹோஹென்ஸோலர்ன் பாலத்தைக் கடந்து அக்கரையிலுள்ள டாய்ட்ஸ் பகுதிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், முதலில் கட்டிய கிழக்குப் பகுதி முன்னேயும் கடைசியில் முடிந்த கோபுரங்கள் பின்னேயுமாக, ஆலயம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும்.

ஆலயத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் சாரம் கட்டியிருந்தால், படம் கெட்டுவிட்டதே என்று வருந்த வேண்டாம். மத்திய காலத்துச் சிற்பிகள் டிராகன்ஃபெல்ஸ் குன்றிலிருந்து நதிவழியே கொண்டுவந்த எரிமலைக் கல்லும் மழையிலும் புகையிலும் அரிக்கப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொணர்ந்த மணற்கற்களில் ஒரு வகையோ அதைவிட வேகமாக உதிர்கிறது. ஆகவே ஆலயத்துக்கென்றே உள்ள சிற்பிகளின் பட்டறை ஓயாமல் வேலை செய்துகொண்டேயிருக்கிறது. 1943-ல் குண்டு விழுந்து பிளந்த வடகோபுரத்தின் மூலையைச் செங்கல்லால் அவசரமாக அடைத்து, 2005-ல்தான் கல்லால் முழுவதும் மூடினார்கள். அந்தச் சாரத்தின் அடியில் சற்று நேரம் நின்று, எந்தக் கல் பழையது, எந்தக் கல் புதியது என்று நிறத்தைக் கொண்டு பிரித்தறிய முயலுங்கள்.