பின்சக்கரத் துள்ளலும் முறுக்குவிசையின் பாதையும்: திண்டுக்கல் சமவெளியிலிருந்து ஓர் ஆய்வு

பின்சக்கர இயக்கமுள்ள ஒரு கார் முதல் கியரில் வேகமாகப் புறப்படும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது என்று சொன்னால், பெரும்பாலான பட்டறைகளில் முதலில் கை போவது ஷாக் அப்சார்பர் மேல்தான். இரண்டும் மாற்றப்படும்; பணம் செலவாகும்; துள்ளல் சில வாரங்கள் குறைந்ததுபோல் தோன்றி மீண்டும் வரும். இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். துள்ளலுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். ஆற்றலைத் தருவது இன்ஜினின் முறுக்குவிசை என்று தெரிந்தால், அந்த விசையின் எதிர்வினை எந்தப் பாகங்களின் வழியாக வண்டியின் சட்டத்துக்குப் போகிறது என்று தேட வேண்டும். ஷாக் அப்சார்பர் அந்தப் பாதையில் பெரும்பாலும் இல்லை.

சக்கரம் குதிக்க மூன்று காரணங்கள் உண்டு: சாலை, சுழற்சி, முறுக்குவிசை. மூன்றும் ஓட்டுநரின் முதுகில் ஒரே மாதிரி உணரப்படும். ஆனால் எளிய கணக்கு ஒன்று அவற்றைப் பிரித்துக் காட்டும். டிஃபரன்ஷியலும் இரு சக்கரங்களும் சேர்ந்த திட அச்சின் எடையை 90 கிலோ என்றும், ஒரு டயரின் செங்குத்து விறைப்பை மீட்டருக்கு 1,80,000 நியூட்டன் என்றும் கொண்டால், அந்த அச்சின் இயல்பான அதிர்வு நொடிக்குச் சுமார் 10 தடவை. நடுத்தரக் காரின் டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். ஆகவே, சமநிலை தவறிய சக்கரம் அச்சை உலுக்கும் வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர் அளவில் வரும். திண்டுக்கல்லைத் தொட்டுச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிப் பார்த்தால் போதும்: நடுக்கம் தொடர்ந்தால் அது டயர், ரிம், அல்லது ஹப். சாலையே காரணமென்றால், முக்கால் மீட்டர் இடைவெளியில் அலையலையாக மேடுவிழுந்த மண்சாலையில் மணிக்கு 27 கிலோமீட்டர் அளவில் அதிர்வு உச்சமடையும். வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தணியும். முறுக்குவிசைத் துள்ளலோ வேகத்தைச் சார்ந்ததல்ல. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வரும், காலை எடுத்த கணத்தில் நின்றுவிடும். இந்த ஒரு அடையாளம் போதும்.

அது எப்படி உண்டாகிறது? சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் விசை அச்சின் கூட்டை எதிர்த்திசையில் திருப்ப முயல்கிறது; பினியன் இருக்கும் மூக்குப் பகுதி மேலே எழுகிறது. இன்ஜினின் முறுக்குவிசை 100 நியூட்டன் மீட்டர் என்றாலும், முதல் கியரில் நான்கு மடங்கும் கிரவுன்-பினியனில் நான்கு மடங்கும் பெருகி 1,600 நியூட்டன் மீட்டராக அச்சை வந்தடைகிறது. பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் இந்த முறுக்கைத் தாங்குவதும் ஸ்பிரிங்தான்; அது எஸ் வடிவில் வளைகிறது. டயர் பிடியை இழந்ததும் வளைந்த ஸ்பிரிங் அச்சைத் திருப்பி எறிகிறது. சக்கரத்தின் மேலுள்ள சுமை மாறுகிறது, டயர் மீண்டும் பிடிக்கிறது, ஸ்பிரிங் மீண்டும் வளைகிறது. ஓரளவுக்கு மேல் வழுக்கினால் டயரின் பிடி குறையும் என்பதுதான் இதன் கரு. வழுக்கல் கூடக்கூட உராய்வு குறைவதால், அதிர்வைத் தணிக்க வேண்டிய உராய்வே அதற்குத் தீனி போடுகிறது. தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அதிர்வு இது. நொடிக்குப் பத்துத் தடவை சாலையை அடிக்கும் இந்த விசைக்கு அச்சுத்தண்டும் ஜாயின்ட்டும் உடைந்துபோவது வியப்பில்லை.

டிக்கியை அழுத்தி விட்டுவிட்டு, எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணிப் பார்க்கும் சோதனையை எல்லோரும் அறிவார்கள். அது சோதிப்பது நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடும் கார் உடலை. பத்துத் தடவை அதிரும் அச்சைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இரண்டு ஷாக் அப்சார்பர்களும் அச்சின் ஒரே பக்கத்தில், அதை ஒட்டியே நின்றால், அச்சு தன்னைச் சுற்றித் திரும்பும்போது அவை மிகக் குறைவாகவே நீள்கின்றன. ஆகவே புதியதானாலும் திருகலைத் தடுக்க முடியாது. இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1967இல் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்குடன் வந்த செவ்ரலே கமாரோ பின்பக்கத் துள்ளலால் பெயர் கெட்டது. 1968 மாடலில் ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக மாற்றி வைத்தார்கள். எத்தனை இருந்தன என்பதைவிட எங்கே இருந்தன என்பதே அங்கே வேலை செய்தது.

நம் மண்ணிலேயே இதைவிடத் தெளிவான பாடம் இருக்கிறது. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விதமான பின் அச்சுகளைத் தந்தது. 1961இல் வந்த ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அந்தச் சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். ஊசலாடும் அரை அச்சுகள் மட்டுமே சக்கரத்தோடு மேலும் கீழும் போகும். முறுக்குவிசையின் எதிர்வினை நேரே சட்டத்துக்குப் போவதால் குறுக்கே கிடக்கும் ஸ்பிரிங் திருகுவதில்லை. ஹெரால்டு வளைவில் பின்பக்கம் எழும்புகிறது என்று சொன்னால் அது வேறு நோய்: வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி உடலைத் தூக்குவது. அதற்குத் துள்ளல் வைத்தியம் செய்வது வீண். 1972இல் வந்த கெஸல், ஊசல் அச்சைக் கைவிட்டுத் திட அச்சுக்குத் திரும்பியது. ஊசல் அச்சை வாங்குவோரும் மெக்கானிக்குகளும் விரும்பவில்லை. 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, ரோவர் எஸ்.டி.1 காரின் வழிவந்தது; அந்த ரோவரிலும் திட அச்சுதான், ஆனால் முறுக்கைத் தாங்க முன்னோக்கி நீளும் குழாய் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். எடையைச் சுமப்பது காயில் ஸ்பிரிங், முறுக்கைத் தாங்குவது குழாய் என்று வேலை பிரிந்தது. அம்பாசடரில் இரண்டு வேலையையும் பட்டை ஸ்பிரிங்கே செய்தது. அதன் இன்ஜினின் வலு குறைவு என்பதால் மட்டுமே நாம் அதிகம் துள்ளாமல் பிழைத்தோம் என்பது என் கருத்து.

திண்டுக்கல்லில் இந்தக் கோட்பாட்டுக்குச் சோதனைக்களம் சிறுமலைச் சாலை. பதினெட்டுக் கொண்டையூசி வளைவுகள், ஓரங்களில் சரளை. மலை வாழையை ஏற்றி இறக்கும் ஜீப்புகளுக்குச் சுமை தாங்கக் கூடுதல் பட்டைகள் சேர்ப்பது வழக்கம். சுமை கீழே வருகிறது. மேலே ஏறும்போது வண்டி காலி. விறைத்த ஸ்பிரிங், எடையில்லாத பின்பக்கம், முதல் கியர் முறுக்கு, சரளை ஆகிய நான்கும் ஒரே வளைவில் கூடுகின்றன. போதாததற்கு இன்ஜினிலிருந்து பின் அச்சுக்கு வரும் தண்டின் முறுக்கு வலப் பின்சக்கரத்தின் சுமையைக் குறைப்பதால், வழுக்கல் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். இன்னொரு பழக்கத்தையும் கண்டித்தாக வேண்டும். பட்டைகளுக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசுகிறார்கள். பட்டைகளுக்கு இடையிலான உராய்வும் ஒருவகைத் தணிப்பு. ஆயில் அதை அழிக்கிறது. வழிந்த ஆயில் ஸ்பிரிங் கண்ணிலுள்ள இயற்கை ரப்பர் புஷ்ஷை ஊதவைத்து மிருதுவாக்குகிறது. கீச்சொலி போகும், துள்ளல் வரும்.

பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்கும் அமைப்புள்ள இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணக் கூடாது. 2016 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் விற்ற ஃபோர்டு மஸ்டாங்கில் பின் துணைச்சட்டமும் டிஃபரன்ஷியலும் ரப்பர் புஷ்களில் நிற்கின்றன. அங்கே ஸ்பிரிங்குக்குப் பதில் அந்த ரப்பர் திருகுகிறது. மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் கியர் பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டம் இணைப்பதால் டிஃபரன்ஷியலின் மூக்கு எழ இடமில்லை. பாகம் மாறினாலும் கேள்வி ஒன்றே. எல்லா ரப்பரையும் கெட்டியான பாலியூரித்தேனாக மாற்றிவிடலாமே என்பார்கள். பந்தயத் தடத்துக்குச் சரி. அன்றாடம் ஓட்டும் காரில் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். தேய்ந்ததைத் தொழிற்சாலை அளவுக்கே மீட்பதுதான் முறை.

என் வாதத்துக்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு: செத்துப்போன ஷாக் அப்சார்பரும் துள்ளலை வளர்க்கும் அல்லவா? வளர்க்கும். துள்ளல் தொடங்கும் வாசலை அது தாழ்த்துகிறது. ஆயில் ஒழுகினால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் தளர்ந்த யூ போல்ட்டையோ உடைந்த சென்டர் போல்ட்டையோ விட்டுவிட்டு அதை மாற்றுவது காரணத்தைத் தொடாமல் போவதாகும். முதலில் நான்கு டயரின் காற்று. பிறகு யூ போல்ட், சென்டர் போல்ட், ஸ்பிரிங் கண், ஷாக்கிள் புஷ். பிறகு இன்ஜின், கியர் பாக்ஸ் தாங்கிகள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைபிரேக் போடாமல், ஒருவர் கிளச்சை மெல்ல விட, மற்றவர் பக்கவாட்டில் தள்ளி நின்று பினியன் மூக்கு எவ்வளவு எழுகிறது என்று பார்க்கலாம். வண்டிக்கு முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது.

இனி ஊகத்தில் நிற்க வேண்டியதில்லை. கைபேசியிலுள்ள முடுக்கமானி நொடிக்கு நூறு அளவுகள் எடுத்தால் பத்துத் தடவை அதிர்வைத் தெளிவாகப் பதிவுசெய்யும். அதை அச்சின் கூட்டில் இறுகக் கட்டிச் சிறுமலையில் ஏறிப் பார்ப்பது ஒரு மாணவர் குழுவால் முடிகிற வேலை. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் பட்டறைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு இந்த அளவீட்டைச் செய்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும்.