காணொளித் தொகுப்பு மென்பொருள் உறைதல்: ஒரு வரலாறு

காணொளித் தொகுப்பு மென்பொருள் உறைதல் என்பது, மேசைக்கணினியில் காணொளியைத் தொகுக்கும்போது மென்பொருள் எந்தக் கட்டளைக்கும் பதில் தராமல் அப்படியே நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். பேச்சுவழக்கில் இது ‘ஹேங் ஆவது’ எனப்படுகிறது. கடைசியாகச் சேமித்ததற்குப் பின் செய்த வேலை முழுவதும் இதனால் அழிந்துபோகலாம். கணினிகள் பன்மடங்கு வேகம் பெற்ற பின்னும் இச்சிக்கல் நீடிக்கிறது. கணினியின் திறன் வளரும்தோறும் காணொளியின் அளவும் வளர்ந்து வந்ததே இதற்குக் காரணம்.

கணினிக்கு முன்

திரைப்பட பிலிமைத் தொகுப்பாளர்கள் கையால் வெட்டி ஒட்டினர். 1924இல் வந்த மூவியோலா, காட்சியை ஓடவிட்டுப் பார்த்து வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவியது. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் காணொளி நாடாப் பதிவுக் கருவியை அறிமுகப்படுத்தியது. நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காட்சியைக் காண அந்த இடம்வரை நாடாவைச் சுற்ற வேண்டும். எந்தக் காட்சிக்கும் உடனே தாவ வேண்டும் என்ற தேவையே கணினியைத் தொகுப்பறைக்குக் கொண்டுவந்தது.

சி.எம்.எக்ஸ். 600

அமெரிக்காவின் சி.பி.எஸ்., மெமோரெக்ஸ் நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கிய சி.எம்.எக்ஸ். சிஸ்டம்ஸ், 1971இல் சி.எம்.எக்ஸ். 600 என்ற கருவியை வெளியிட்டது. அதன் வட்டுகளில் சுமார் அரை மணி நேரக் காட்சிகளையே சேமிக்க முடிந்தது. அதுவும் தரம் குறைந்த கறுப்பு வெள்ளையில். தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு வெட்டுகளைத் தேர்ந்தெடுத்தார். அந்த வெட்டுகளின் பட்டியலைக் கொண்டு, மூல நாடாக்களிலிருந்து இறுதி நிகழ்ச்சி உருவாக்கப்பட்டது.

தரம் குறைந்த நகலில் வேலை செய்து, முடிவில் மூலத்துக்குத் திரும்பும் இம்முறை ‘ஆஃப்லைன்’ தொகுப்பு எனப்பட்டது. இச்சொல் இங்கு இணையத் தொடர்பைக் குறிப்பதன்று. கணினியால் தாங்க முடியாத சுமையை அதன் மேல் ஏற்றாமல் இருப்பது என்ற இந்த வழி, பின்வந்த ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு பெயரில் திரும்ப வந்தது.

மேசைக்கணினிக்கு வருதல்

1989இல் மேக்கின்டாஷ் கணினியில் இயங்கும் அவிட்/1 வெளிவந்தது. 1991இல் ஆப்பிளின் குவிக்டைமும் அடோபி பிரீமியரும் வந்தன. குவிக்டைமின் தொடக்ககாலக் காணொளிகள் 160×120 புள்ளிகளில், அஞ்சல்தலை அளவில்தான் ஓடின. தமிழில் கமல்ஹாசன் நடித்த ‘மகாநதி’ (1994) அவிட்டில் தொகுக்கப்பட்ட தொடக்ககாலப் படங்களுள் ஒன்று.

அக்கால மேக்கின்டாஷிலும் விண்டோஸ் 3.1இலும் ஒரு மென்பொருள் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்த மென்பொருளுக்கு முறை கிடைக்கும். எனவே ஒன்று நின்றால் பெரும்பாலும் கணினியே நின்றது. மறுதொடக்கம் தவிர வழியில்லை. விண்டோஸ் 95, மேக் ஓ.எஸ். எக்ஸ் (2001) ஆகியவற்றில் இயங்குதளமே முறையைப் பங்கிடத் தொடங்கியது. அதன்பின் பெரும்பாலும் சிக்கிய மென்பொருள் மட்டுமே உறைந்தது. இன்று விண்டோஸில் தோன்றும் ‘பதிலளிக்கவில்லை’ என்ற அறிவிப்பு, அம்மென்பொருள் சில நொடிகளாகப் பயனரின் கட்டளைகளைக் கவனிக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது; அது செயலிழந்துவிட்டது என்று பொருளாகாது.

சுருக்கத்தின் விலை

1995இல் வந்த டி.வி. வடிவம் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே சுருக்கியது. ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 13 ஜிபி இடம் தேவைப்பட்டாலும், அதை வெட்டுவது எளிது. 2003இல் வெளியான எச்.264 தரம், ஃபிரேம்களுக்கு இடையிலான மாற்றங்களைப் பதிந்து கோப்பைச் சிறிதாக்கியது. ஆனால் இத்தகைய கோப்பில் ஒரு ஃபிரேமைக் காட்ட, அது சார்ந்துள்ள பிற ஃபிரேம்களையும் விரித்தாக வேண்டும். சிறிய கோப்பே கணினிக்குப் பெரிய சுமையானது.

படத்தின் அளவும் கூடியது. 720×576 புள்ளிகள் கொண்ட டி.வி. ஃபிரேமைவிட 3840×2160 புள்ளிகள் கொண்ட 4கே ஃபிரேம் 20 மடங்கு பெரிது. விரித்த 4கே ஃபிரேம் ஒன்றுக்குச் சுமார் 25 எம்பி நினைவகம் தேவை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 600 எம்பிக்கு மேல். 32 பிட் மென்பொருளால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தைக் கையாள முடியாததால், பெரிய திட்டங்கள் அடிக்கடி முறிந்தன. 2010இல் பிரீமியர் புரோ சி.எஸ்.5, 64 பிட்டுக்கு மாறி, வரைகலை அட்டையின் துணையையும் பெற்றது. இதனால் வேகம் கூடியது. ஆனால் வரைகலை அட்டையின் இயக்கி மென்பொருள் பொருந்தாதபோது உறைதல் ஏற்படுவது புதிய காரணமாகச் சேர்ந்தது.

இதற்கிடையே, தொகுப்பதற்கென்றே உருவான ஆப்பிள் புரோரெஸ் போன்ற வடிவங்கள் 2007 முதல் பரவின. 2016இல் பிரீமியர் புரோவில் ‘பிராக்ஸி’ எனும் இலகு நகல் வசதி சேர்ந்தது. 1971இன் கறுப்பு வெள்ளை நகல் செய்த அதே வேலையை இது செய்கிறது.

காரணத்தைக் கண்டறிதல்

இந்த வரலாறு காட்டும் காரணங்களின் வழியே சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்தறிய முடியும்.

- உறைந்தவுடன் மென்பொருளை மூடாமல், டாஸ்க் மேனேஜரில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். அளவு ஏறி இறங்கினால் வேலை நடந்துகொண்டிருக்கலாம்.
- புதிய வெற்றுத் திட்டம் ஒன்று ஒழுங்காக இயங்கினால், பழுது பெரும்பாலும் பழைய திட்டத்திலோ அதிலுள்ள கோப்பிலோ இருக்கிறது. திட்டத்தின் நகலை எடுத்து, காட்சிகளைப் பாதி பாதியாக நீக்கிப் பார்த்தால் பழுதான கோப்பு அகப்படும்.
- வரைகலை அட்டையின் துணையை நிறுத்தியதும் உறைதல் நின்றால், இயக்கி மென்பொருளை மாற்றிப் பார்க்க வேண்டும்.
- திறன்பேசிக் காணொளிகளில் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கலாம். அவற்றைச் சீரான வேகத்துக்கு மாற்றிய பின் தொகுப்பது நல்லது.
- தற்காலிகக் கோப்புகள் சேரும் வட்டு நிறைந்திருந்தால், தேவையற்றவற்றை நீக்கி இடம் ஒதுக்க வேண்டும்.
- இவற்றுக்குப் பின்னும் சிக்கல் நீடித்தால் இலகு நகல்களைக் கொண்டு தொகுக்கலாம்.

தொகுப்பு மென்பொருளின் திட்டக் கோப்பில் பொதுவாகக் காணொளி இருப்பதில்லை. வெட்டுகளின் விவரமே இருக்கிறது. அதனால் அக்கோப்பு சிறியது, அடிக்கடி நகலெடுக்க எளிது. தானியங்கிச் சேமிப்பைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை என அமைத்து, அந்நகல்களை வேறொரு வட்டில் வைத்தால், உறைதலால் இழப்பது அந்தச் சில நிமிட வேலையாக மட்டுமே இருக்கும்.