உப்பைச் செதுக்கிய சிற்பி யார்?

மரக்காணம் உப்பளத்திலே கடல்நீர் வற்றி உப்பு விளைவதை நாம் காண்கிறோம். உருப்பெருக்கியில் நோக்கினால் பரல்கள் கனசதுரம்! செதுக்கிய சிற்பி யார்? எவருமிலர், அணுக்களின் அடுக்குமுறை அது. உயிரினங்களின் ஒழுங்குக்கோ வேறு விடை: இயற்கைத் தேர்வு என்று 1859-இல் சான்றுகளோடு விளக்கினார் டார்வின்.

உயிர்களை அறிவோடு வடிவமைத்தவன் ஒருவன் உண்டென்ற கருத்தை அமெரிக்காவின் டோவர் நகரப் பள்ளிக் குழு விஞ்ஞான வகுப்பிலே புகுத்தியது. 2005-இல் நீதிமன்றம் அது விஞ்ஞானமன்று என விலக்கியது. இங்கோ, 2023-இல் பாடச்சுமை குறைப்பென்று கூறி, என்.சி.இ.ஆர்.டி.யின் 10-ஆம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமத்தையே நீக்கினர். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் பிறரும் கண்டித்தனர். அங்கே புகுத்தல், இங்கே நீக்கல். இழப்பவன் மாணவனே!

தொழுவோர் தொழட்டும், வகுப்பறையிலே சான்று பேசட்டும். உப்பளத் தொழிலாளியின் பிள்ளை "ஏன்?" என்று கேட்கையில், "ஆண்டவன் செயல்" என வாயடைக்க ஆசிரியராகிய நமக்கு உரிமையில்லை!