கடல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு (தமிழ்நாடு)

கப்பல் மாலுமிகளுக்கும் கடல் மீனவர்களுக்கும் நோய், விபத்து, முதுமை, தொழில் முடக்கம், இறப்பு ஆகிய காலங்களில் சட்டப்படி கிடைக்கும் உதவிகளின் தொகுப்பு. கடலில் உழைப்போருக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அவையும் மாலுமிக்கு ஒன்று, மீனவருக்கு வேறு.

மாலுமிகள்: 1966ஆம் ஆண்டு மாலுமிகள் சேமநல நிதிச் சட்டம் ஓய்வுக்கால வைப்புத்தொகைக்கு வழி செய்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை (2006) இந்தியா 2015 அக்டோபர் 9 அன்று ஏற்றது. இதன்படி, பணியில் காயமுற்ற அல்லது நோயுற்ற மாலுமியின் மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளரைச் சேரும். நாட்டுச் சட்டம் இப்பொறுப்புக்குக் கால வரம்பு விதித்தாலும் அது 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. கப்பல் எந்நாட்டுக் கொடியில் ஓடினாலும், மாலுமிக்குச் சமூகப் பாதுகாப்பு அளிக்க வேண்டியது அவர் வழக்கமாக வசிக்கும் நாடே.

மீனவர்கள்: மேற்கண்ட உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களுக்குப் பொருந்தாது. தமிழ்நாடு மீனவர் நல வாரியம் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. விபத்து, இயற்கை மரணம், கல்வி, திருமணம் ஆகியவற்றுக்கு உதவி வழங்குகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில் நிற்கும். அதற்கான குடும்ப நிவாரணம் ரூ.5,000இலிருந்து ரூ.8,000ஆக உயர்த்தப்பட்டது. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் விபத்து மரணத்துக்கு ரூ.5 லட்சம் காப்பீடு உண்டு. பிரீமியத்தை அரசுகளே செலுத்துகின்றன.

காணாமற்போனோர்: உடல் கிடைக்காத மரணமே இத்துறையின் பெருஞ்சிக்கல். ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகச் சான்றுச் சட்டம் கொள்கிறது. அதுவரை இழப்பீடு கேட்பதற்கான இறப்புச் சான்று குடும்பத்திடம் இராது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் பலரைக் கொண்டுபோனபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. காணாமற்போனோர் குடும்பங்களை ஏழாண்டு காக்க வைக்காமல் நிவாரணம் வழங்க அரசு தனி முடிவெடுக்க நேர்ந்தது.

மீன்பிடித் தொழிலாளருக்கான பன்னாட்டு உடன்படிக்கை (எண் 188) 2007இல் உருவாகி, 2017 நவம்பர் 16 முதல் நடப்பில் உள்ளது. இந்தியா அதை ஏற்கவில்லை.