வசைச்சொல்லும் நோக்கமும்



பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், கூலியாளைப் பண்ணாடி சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அது 'அசிங்கமாகப் பேசினார்' என்று எழுதப்பட்டால் என்ன ஆகும்? வழக்கு, பொது இடத்தில் ஆபாசமாகப் பேசிய குற்றமாகச் சுருங்கிவிடும். பழைய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 294(பி), இன்றைய சட்டத்தில் 296. அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. அந்தப் பிரிவின் கண்ணுக்குச் சாதி தெரியாது.

சாதி இழிவை இழிவாகவே பார்த்தது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஆனால் அது இரண்டைக் கேட்டது: இழிவுபடுத்தும் நோக்கம் வேண்டும், பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஐயத்திற்கு இடமின்றி அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும்.

நோக்கம் மனதுக்குள் இருப்பது. அதை எப்படிக் காட்டுவது? 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொன்னது: சொல்லின் அகராதிப் பொருளைப் பார்க்காதே, இன்று அது எப்படி ஏவப்படுகிறது என்று பார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை மேல்முறையீட்டில், 2011இல், இதே வழியில் தண்டனை உறுதியானது. இரட்டைக் குவளை முறையையும் அத்தீர்ப்பு குற்றமென்றே கண்டித்தது.

இடத்தைப் பற்றியும் 2008 தீர்ப்பு தெளிவாக இருந்தது: தனியார் நிலமானாலும் வெளியார் பார்க்கவோ கேட்கவோ இருந்தால் போதும். தோப்பும் அதில் அடங்கும். ஆனால் லால்குடியில் ஓர் அரசு அலுவலக அறைக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட வசை வழக்கை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்பதே காரணம்.

2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அறிமுகமானவரின் சாதி தெரியும் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படாத வரை, நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்றது. 2024இல் உச்ச நீதிமன்றம், சாதி தெரிந்திருப்பது மட்டும் நோக்கமாகிவிடாது என்றது.

ஆக, மேல்முறையீட்டில் எழும் ஐயம் பல நேரம் முதல் தகவல் அறிக்கையிலேயே விதைக்கப்படுகிறது. சொன்ன சொல் சொன்னபடியே பதிவாக வேண்டும். எங்கே, யார் காதில் விழுந்தது என்பதும் வேண்டும். கேட்டவர்கள் அதே பண்ணாடியிடம் கூலி வாங்குகிறவர்களாக இருப்பார்கள். அவர்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது பிரிவு 15ஏ. அந்தக் கடமையைக் கேட்டு வாங்குவது நம் வேலை.